பிடி

என் வலதுகை ஆள்காட்டி விரல் முழுதாக மடங்காது. நடுமூட்டில் பாதி வளைந்து அங்கேயே நின்றுவிடும். நான் பேனா பிடிக்கும் விதம் மாறியிருப்பதை இரண்டொரு நண்பர்கள் கவனித்துக் கேட்டிருக்கிறார்கள். மற்றவர்கள் கேட்கவில்லை. ஒருவர் எழுதியதையே மற்றவர் கவனிப்பதில்லை என்கிறபோது, எழுதுகிற விரலைக் கவனிக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பது அதிகம்தான்.

இந்த விரல் காரணமாக இரண்டு வருஷத்துக்குமேல் ஒரு கத்தியைத் தேடிக்கொண்டிருந்தேன். மலையில் கூடாரம் அடித்து மூன்று நாள் தங்குகிறவனுக்கு வேண்டிய கத்தி. மடக்குக் கத்தி வேண்டாம். அலகு நிலையாக நிற்கவேண்டும். பத்து வருஷமாவது உழைக்கவேண்டும். கையை உறுத்தக்கூடாது. நிபந்தனைகள் இவ்வளவுதான். இதைப்பற்றி இந்தப் பத்திரிகையில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்கலாம். உருவம், உள்ளடக்கம் என்று ஓயாமல் சண்டை நடக்கும் இடத்தில், ஒரு பொருளின் உருவத்தை முதல் தடவையாக என் கைத்தோலால் யோசிக்க நேர்ந்ததைச் சொல்லலாம் என்று படுகிறது. உவமையாக எதையும் சொல்ல வரவில்லை. கத்தியைப் பற்றித்தான் சொல்கிறேன்.

2020 பொங்கல் விடுமுறை. பழனிமலையின் கீழ்ச்சரிவில், தாண்டிக்குடிக்குப் பக்கத்தில், நண்பர் ஒருவருக்கு மூன்று ஏக்கர் காப்பித் தோட்டம். அவர் கவிஞர். தொகுதி ஒன்று வந்திருக்கிறது; இருநூறு பிரதி அச்சிட்டதில் நூற்றைம்பது அவர் வீட்டுப் பரணில் இருக்கிறது. வருஷா வருஷம் பொங்கலை ஒட்டி நாலைந்து பேர் தோட்டத்தில் போய்த் தங்குவது வழக்கம். அங்கே வீடு கிடையாது. ஒரு தகரக் கொட்டகை, ஒரு ஊற்று, கூடாரம் அடிக்கச் சமதளமாக ஒரு துண்டு நிலம், அதன் ஓரத்தில் பெரிய பாறை.

முந்தின இரவு மழை. சில்வர் ஓக் விறகு வெளியே சொதசொதவென்றிருந்தது. மழைக் காலத்தில் தீ மூட்டத் தெரிந்தவர்கள் கட்டையைப் பிளப்பார்கள். காய வைத்த கட்டை மேலே எவ்வளவு நனைந்தாலும் உள்ளே காய்ந்தே இருக்கும். கோடாலி கொட்டகைக்குள் இருந்தது. கொட்டகைச் சாவி தோட்டக்காரரோடு ஊருக்குப் போய்விட்டது. நண்பர் தன் மடக்குக் கத்தியை எடுத்து, "இதை வச்சுப் பிளந்து பாரும்" என்று கொடுத்தார். அவருக்கு அது பெருமை. அலகைத் திறந்ததும் உள்ளேயிருந்து ஒரு மெல்லிய தகடு நகர்ந்து வந்து அடியில் முட்டுக்கொடுத்து நிற்கும். அதற்குப் பூட்டு என்று பெயர். 'டக்' என்ற அந்த ஓசைக்காகவே அவர் அதைத் திறந்து மூடிக்கொண்டிருப்பார். நான் அலகைக் கட்டையின் தலையில் வைத்து, முதுகில் இன்னொரு கட்டையால் தட்டினேன். பாதி இறங்கி மாட்டிக்கொண்டது. பிடியை மேலும் கீழும் ஆட்டி இழுத்தேன். தகடு நழுவியது. அலகு என் விரல்மேல் வந்து மூடிற்று.

வலி உடனே தெரியவில்லை. விரல் எனக்குச் சம்பந்தமில்லாததுபோல் நேராக நின்றது. மடக்கப் பார்த்தேன், வரவில்லை. நண்பர் துண்டைச் சுற்றி என் கையை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். வத்தலக்குண்டுக்கு ஜீப் இறங்கும் அத்தனை வளைவுகளிலும் பிடித்ததை விடவில்லை. ஒரு வார்த்தை பேசவும் இல்லை. தசைநாண் அறுந்திருந்தது. தைத்தார்கள். ஆறு வாரம் கட்டு. கட்டைப் பிரித்து விரலை மடக்கிப் பழக்கும் பயிற்சி தொடங்கி நாலு வாரம் ஆவதற்குள் மார்ச் 25 ஊரடங்கு வந்துவிட்டது. அதற்கப்புறம் வீட்டில் நானே மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தவரை லாபம்.

பிறகு நண்பரும் நானும் ஃபோனில் நிறையவே பேசினோம். யார் என்ன எழுதினார்கள், யார் யாரைத் திட்டினார்கள் எல்லாம் வந்தது. கத்தி என்ற சொல் மட்டும் வரவில்லை. விரல் எப்படி இருக்கிறது என்றுகூட அவர் கேட்கமாட்டார், "எழுதுகிறீரா?" என்று கேட்பார். எழுதுகிறேன் என்றால் சற்று நேரம் பேச்சில்லாமல் இருக்கும்.

மடக்குக் கத்தியைப் பழித்து எழுதுவது என் உத்தேசமில்லை. கயிறு அறுக்க, பழம் நறுக்க, பென்சில் சீவ அது போதும். ஆனால் அதில் ஒரு மூட்டு இருக்கிறது. அந்த மூட்டு எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் கத்தி தாங்கும். அதைக்கொண்டு விறகு பிளந்தது என் மடத்தனம், கொடுத்தவரின் குற்றம் இல்லை. இதை அவரிடம் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை.

யோசித்துப் பார்த்தால் எனக்குக் கத்தி பிடிக்கவே தெரியாது. அம்மா அரிவாள்மணையில்தான் நறுக்கினாள். அதைவிட நிலையான அலகு ஒன்றை நான் இதுவரை பார்த்ததில்லை. மணையைக் காலால் அழுத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் அலகு அசையாது. வாழைக்காய்தான் அதனிடம் போய் வரவேண்டும். இரண்டு கையும் காயிடம். பிடி என்ற பிரச்னையே அங்கே எழுவதில்லை. மேலை நாட்டுக்காரன் கருவியைக் கையில் எடுத்துக்கொண்டு பொருளிடம் போகிறான், நாம் பொருளை எடுத்துக்கொண்டு கருவியிடம் போகிறோம் என்று இதிலிருந்து ஒரு பெரிய தத்துவத்தையே கிளப்பிவிடலாம். நம் விமர்சகர்கள் சிலர் இதைவிடக் குறைந்த ஆதாரத்தை வைத்துக்கொண்டு கிளப்பியிருக்கிறார்கள். அது பொய் என்பதற்கு மாமாவின் தோப்பில் தொங்கிய அரிவாள் ஒன்றே போதும். ஆனால் அதைத் தொட எங்களுக்கு அனுமதியில்லை. ஆக, ஒரு கத்தியின் பிடியை முழுக் கையாலும் பற்றி நான் வேலை செய்தது ஐம்பது வயதுக்கு மேல், அந்தக் கொட்டகை வாசலில்தான். அன்றைக்கே அது முடிந்தும் போயிற்று.

கொஞ்சம் நடமாட்டம் திரும்பியபின் கடைகளில் பார்க்க ஆரம்பித்தேன். எடுத்துக் காட்டியவற்றில் பாதிக்கு முதுகில் ரம்பப்பல். பிடியைக் குழாயாகக் குடைந்து உள்ளே தூண்டில் முள், தீக்குச்சி, மூடியில் ஒரு திசைகாட்டி. 1982இல் வந்த 'ஃபர்ஸ்ட் பிளட்' சினிமாவுக்குப் பிறகு பரவிய வம்சம் இது. பிடியைக் குடைந்துவிட்டால் அலகின் இரும்புக்கு உள்ளே போக இடமில்லை, வாசலிலேயே நின்றுவிடும். மட்டமாகச் செய்ததாயிருந்தால் நாலு தட்டில் அந்தக் கழுத்து விட்டுப்போகும். முதுகில் பல் இருப்பதால் கட்டைவிரலை வைத்து அழுத்தவும் முடியாது. ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது, மதிப்புரைக்கு வந்து மேஜைமேல் கிடந்த ஒரு கவிதைத் தொகுதி ஞாபகம் வந்தது. அதிலும் எல்லாம் இருந்தது, பிடித்துக்கொள்ள இடமில்லை. (உவமை வேண்டாம் என்று சொன்னவன் நான்தான்.)

இன்னும் சில, கால் அங்குலக் கனம். தூக்கிப் பார்த்தால் நம்பிக்கை வரும். அந்தக் கனத்தில் வெங்காயத்தை நறுக்க முடியாது, பிளக்கத்தான் முடியும். மலையில் தங்குகிறவன் கத்தியால் செய்வதில் பெரும்பங்கு வெங்காயம், கயிறு, முளைக்குச்சி, தீ மூட்டச் சீவும் சுருள். புலியோடு யாரும் கட்டிப் புரளப் போவதில்லை. மூன்று மில்லிமீட்டர் கனமும் நாலு அங்குலத்துக்குச் சற்று மேலான அலகும் இருந்தால் இதற்கெல்லாம் தாராளம்.

நீளத்தைப் பற்றி கடைக்காரர் ஒரு சட்டம் சொன்னார். ஒன்பது அங்குலத்துக்குமேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்குமேல் அகலமோ உள்ள கத்தி, வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் என்று செய்யப்பட்டதாக இல்லாவிட்டால், ஆயுத விதிகளின்படி ஆயுதம். சரியாகத்தான் சொன்னார். அவர் சொல்லாதது இன்னொன்று: 1972ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் ஆயுதம் என்பதற்குக் கொடுத்திருக்கும் விளக்கத்தில் கத்தியும் அடக்கம், அங்குலக் கணக்கு எதுவுமில்லாமல். தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்து அனுமதி இல்லாமல் அதோடு சரணாலயத்துக்குள் நுழையக்கூடாது. கூடாரக் கத்தியைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துப் பேசுவது நல்லது. நாங்கள் தங்குவது நண்பரின் பட்டா நிலத்தில்.

இந்தச் சமயத்தில்தான் இரண்டு அமெரிக்கப் புத்தகங்கள் கிடைத்தன. ஒன்று, 'நெஸ்மக்' என்ற புனைபெயரில் ஜார்ஜ் வாஷிங்டன் சியர்ஸ் 1884இல் எழுதிய 'உட்கிராஃப்ட்'. பென்சில்வேனியாக்காரர். தொழில் செருப்புத் தைப்பது. அதோடு கவிஞரும்கூட, 1887இல் தொகுதி போட்டிருக்கிறார். மெலிந்த, குள்ளமான, நோயாளி மனிதர். 1883இல் பத்தரைப் பவுண்டு எடையுள்ள ஒரு படகில் அடிரண்டாக் ஏரிகளில் தனியாகச் சுற்றியவர். பத்தரைப் பவுண்டு என்பது ஐந்து கிலோகூட இல்லை. தோலைக் கத்தியால் அறுத்துப் பிழைத்த கை என்பது அவர் கத்தியைப் பற்றி எழுதும்போது தெரிகிறது. கடையில் விற்கும் வேட்டைக் கத்திகளெல்லாம் தடித்தவை, கொலைகார லட்சணம் உள்ளவை, உபயோகமில்லாதவை என்பது அவர் கட்சி. மெல்லிய அலகு போதும். கனத்த வேலைக்கு ஒரு சின்னக் கைக்கோடாலி.

மற்றவர் ஹொரேஸ் கெப்ஹார்ட். செயின்ட் லூயி நகரத்து மெர்க்கன்டைல் லைப்ரரியில் பல வருஷம் லைப்ரேரியன். 1904இல் உடம்பும் மனமும் உடைந்து, வேலையும் குடும்பமும் கைவிட்டுப்போய், நார்த் கரோலினாவின் ஸ்மோக்கி மலைகளுக்குள் போய்ச் சேர்ந்தார். பிற்பாடு அந்த மலைகள் தேசியப் பூங்காவானதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. அவருடைய கூடாரப் புத்தகம் 1906இல் வந்தது. அதில் தன் கத்தியை அளவோடு வர்ணிக்கிறார்: அலகும் பிடியும் தலைக்கு நாலரை அங்குலம், முதுகில் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு கனம், அலகின் இரும்பு பிடியினூடே கடைசிவரை ஓடி ரிவிட் அடித்து நிற்கிறது, எடை நாலு அவுன்ஸ். பிடியின் குறுக்குவெட்டு முட்டை வடிவம், கையைக் கொப்புளமாக்கும் கூர்விளிம்பு எங்கும் கிடையாது. பார்க்க அழகில்லாதது என்று அவரே ஒப்புக்கொள்கிறார். செய்தது யார் என்றால், நாட்டுப்புறக் கொல்லன் ஒருவன்.

இந்தக் கடைசி விவரம்தான் என்னை நிறுத்தியது. ஒரு நூலகத்தையே கட்டி ஆண்டவர், கத்தி விஷயத்தில் புத்தகத்தையும் கடையையும் விட்டுவிட்டுக் கொல்லனிடம் போயிருக்கிறார். நான் கொல்லனிடம் போகவேண்டியதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டிருக்கிறேன்.

அதற்குள் நண்பரிடமிருந்து ஒரு பார்சல் வந்தது. 2021 ஆகஸ்ட் என்று ஞாபகம். உள்ளே ஸ்வீடனில் செய்த கத்தி ஒன்று. கடிதம் இல்லை. அந்த நாட்டில் மோரா என்ற ஊர்ப்பக்கம் சில நூற்றாண்டுகளாகக் கத்தி செய்கிறார்கள். அந்த மரபில் வந்தது. மிக நல்ல கத்தி. துருப்பிடிக்காத எஃகு. அலகின் இரு பக்கமும் ஒரே தட்டையான சரிவு. சாணைக்கல்லில் அந்தச் சரிவைப் படுக்கவைத்துத் தேய்த்தால் போதும், கோணம் தானாக அமைந்துவிடும். என்னைப்போலக் கத்தி தெரியாதவனுக்கு இது பெரிய உபகாரம். ரப்பர் கலந்த பிடி ஈரக்கையிலும் வழுக்காது.

கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து தென்னை மட்டையைச் சீவிப் பார்த்தேன். முதல் பத்து நிமிஷம் ஆனந்தம். அரை மணியில் நடுவிரலின் பக்கவாட்டில் எரிச்சல். ஒரு மணியில் கொப்புளம். கத்தியின் கோளாறு இல்லை. ஐந்து விரலும் மடங்குகிறவர்களுக்காகச் செய்த பிடி அது. என் ஆள்காட்டி விரல் மடங்காததால் அது செய்யவேண்டிய வேலை முழுவதும் நடுவிரல்மேல் விழுகிறது. கடையில் கையில் வைத்துப் பார்க்கும்போது எல்லாப் பிடியும் சுகம்தான். வேலை செய்து ஒரு மணி நேரமான பிறகுதான் பிடி பேச ஆரம்பிக்கும். விரல் விரலாகப் பள்ளம் வெட்டிய பிடிகளை ஏன் நம்பக்கூடாது என்பதும் அன்று தெரிந்தது. அந்தப் பள்ளங்கள் யாரோ ஒருவருடைய விரல்கள்.

நண்பருக்கு என்ன எழுதுவது? நன்றாயிருக்கிறது என்று எழுதினால் பொய். கொப்புளம் வந்தது என்று எழுதினால் அவருக்கு அது வேறு மாதிரி அர்த்தமாகும். "கிடைத்தது" என்று ஒரு வரி எழுதிப் போட்டேன்.

2022 கோடையில் திண்டுக்கல்லுக்கு ஒரு கல்யாணத்துக்காகப் போனேன். பூட்டுக்குப் பேர்போன ஊர். 2019இல் அதற்குப் புவிசார் குறியீடே கொடுத்திருக்கிறார்கள். ஒரு பூட்டு நழுவியதால் வந்த வினைக்குப் பரிகாரம் தேடி அங்கே போனது எனக்கே வேடிக்கையாக இருந்தது. ஊருக்கு வெளியே சாலையோரம் ஒரு பட்டறை. அரிவாள், மண்வெட்டி, கவாத்துக் கத்தி எல்லாம் சாக்கில் பரப்பியிருந்தது. பெரியவர் ஒருவர் உலை முன்னால் இருந்தார்.

"என்ன வேலைக்கு சார்?"

"மலையில போய்த் தங்குறப்ப. குச்சி சீவணும், காய் நறுக்கணும், சின்னச் சின்னதா விறகு பிளக்கணும்."

"அதுக்கு மூணு சாமான்ல வேணும்."

"ஒண்ணுலயே ஆகணும்."

"ஆகும்" என்றார். "மூணுமே சுமாராத்தான் ஆகும்."

இருபது வருஷ விமர்சனத்தில் இவ்வளவு நேரான ஒரு வாக்கியத்தை நான் எழுதியதில்லை.

பழைய லாரி ஸ்பிரிங் பட்டைதான் அவருடைய மூலப்பொருள். பாரத்தை ஏற்றி ஏற்றி வளைந்து நிமிர்ந்த இரும்பு. முறியாது, கூர் நிற்கும். கரி சுமார் 0.6 சதம் இருக்கும். துருப்பிடிக்காத எஃகு கேட்டால் அவரிடம் இல்லை. இந்த இரும்பு துருப்பிடிக்கும், வாழைக்காய்க் கறை பட்டால் கறுத்துப்போகும். துடைத்துத் தேங்காயெண்ணெய் தடவி வைக்கவேண்டும், ஈரத் தோலுறைக்குள் போட்டு மறந்துவிடக்கூடாது. இந்தச் சிரத்தை எனக்கு உண்டா என்று யோசித்தேன். விரல் போனபிறகு வந்திருக்கலாம்.

உருக்கு என்றதும் நம்மவர்களுக்கு மேடை ஞாபகம் வந்துவிடும். வெள்ளைக்காரர்கள் 'ஊட்ஸ்' என்று அழைத்த நம் உருக்கை மைக்கேல் ஃபாரடே லண்டனில் சோதித்து 1819இல் கட்டுரை வெளியிட்டது வாஸ்தவம். பெருமைப்பட வேண்டியதுதான். அதைச் சொல்லிக் கைதட்டு வாங்குகிறவர்களில் எத்தனை பேர் பட்டறை வாசலில் அரை நாள் நின்றிருப்பார்கள் என்று தெரியவில்லை. நானும் அன்றைக்குத்தான் நின்றேன்.

பெரியவர் உலைக்கு மேலே கறுத்த சாக்குகளைத் தொங்கவிட்டு இருட்டாக வைத்திருந்தார். வெளிச்சம் கூடினால் இரும்பின் நிறம் கண்ணுக்குப் பொய்யாகத் தெரியும் என்றார். இரும்பு எந்தச் சிவப்பில் இருக்கும்போது தோய்ச்சல் போடவேண்டும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கிட்டத்தட்ட 770 டிகிரியில் இரும்பு காந்தத்துக்கு ஒட்டாமல் போகும், அதற்குச் சற்று மேலே என்று படித்தவர்கள் சொல்வார்கள். அவரிடம் காந்தம் இல்லை. கண்தான். எண்ணெயில் முக்கி எடுத்த அலகு கண்ணாடி மாதிரி. கடினம், ஆனால் கீழே போட்டால் உடையும். மறுபடி இளஞ்சூட்டில் வாட்டி, வைக்கோல் நிறம் மேலே ஓடி வரும்போது நிறுத்தினால் முறியாத தன்மை வரும். இரண்டு காய்ச்சலுக்கும் நடுவில் அவர் பேசவேயில்லை. அதற்கு முன்னாலேயே, "ரிவிட்டுக்கு ஓட்டை எங்கன்னு இப்பவே சொல்லிடுங்க. தோய்ச்சல் போட்டப்புறம் டிரில் இறங்காது" என்று கேட்டு இரண்டு துளை போட்டுவிட்டிருந்தார்.

"பிடி?" என்றேன்.

"மரம் கொண்டாந்தீங்கன்னா அடிச்சுத் தாரேன். எங்கிட்ட இருக்கிறது எல்லாம் அரிவாப் பிடி. உங்க கைக்குச் சரியா வராது." என் விரலை அவர் வந்ததுமே பார்த்திருக்கிறார்.

பிடியில்லாத அலகைச் செய்தித்தாளில் சுற்றி வாங்கிக்கொண்டு வந்தேன். அலகின் வாலில் பழைய சைக்கிள் டியூபைப் பட்டையாக வெட்டிச் சுற்றினேன். தினம் சாயங்காலம் ஒரு மணி நேரம் மட்டை சீவுவது. முடிந்ததும் உள்ளங்கையைப் பார்ப்பது. எங்கே சிவந்திருக்கிறதோ அங்கே டியூபைக் குறைப்பது, எங்கே கை சும்மா இருந்ததோ அங்கே கூட்டுவது. மனைவி ஒரு வாரம் பார்த்துவிட்டு, "காட்டுக்குப் போயே ஆகணுமா?" என்று மட்டும் கேட்டாள். மூன்று வாரத்தில் ஒரு உருவம் வந்தது. யாரும் வரைந்திருக்க முடியாத உருவம். பின்பாதி பருத்து, மற்ற மூன்று விரல்களுக்கும் இடம் கொடுத்தது. வலது பக்கம் முன்னால், மடங்காத விரல் நீட்டிப் படுத்துக்கொள்ள ஒரு தட்டையான சரிவு. அதற்குக் கீழே கை அலகின்மேல் வழுக்கிப் போகாதபடி ஒரு சிறு மேடு. மொத்தத்தில் முட்டை வடிவம். இருட்டில் எடுத்தாலும் கூர் எந்தப் பக்கம் என்று கைக்குத் தெரியும். உருண்டைப் பிடி கையில் புரண்டுவிடும்.

மரம் வேண்டியிருந்தது. கருவேலம் கிடைக்கும், தேக்கும் கிடைக்கும். நான் நண்பரைக் கூப்பிட்டேன். தோட்டத்தில் பிடுங்கிப்போட்ட பழைய காப்பிச் செடி ஏதாவது இருக்கிறதா, ஒரு சாண் கட்டை வேண்டும் என்றேன்.

"எதுக்கு?"

"கத்திக்குப் பிடி போடணும்."

அந்தச் சொல்லை இரண்டரை வருஷம் கழித்துச் சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமில்லை. பிறகு, "அந்த ஸ்வீடன் கத்தி சரியில்லையா?" என்றார்.

"கத்தி சரியாத்தான் இருக்கு. என் விரல் மடங்காது. அதுக்கு வேற பிடி வேணும்" என்றேன். விரல் மடங்காது என்பதை அவரிடம் வாய்விட்டுச் சொன்னதும் அதுதான் முதல் தடவை. அவருக்குத் தெரியாமலில்லை. அப்புறம், அந்தக் கட்டையைத் தட்டியது நான், பிடியை ஆட்டியது நான் என்பதையும் சொன்னேன். அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. பச்சைக் கட்டை உதவாது, வெடித்துவிடும் என்று காப்பி மரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

நாலு நாளில் பஸ் பார்சலில் நாலு கட்டைகள் வந்தன. ஒரு துண்டுக் காகிதத்தில், "நன்றாகக் காய்ந்தது. 2020 ஜனவரியில் வெட்டி அடுக்கியது" என்று எழுதியிருந்தார்.

காப்பி மரம் நெருக்கமான இழை, கனம், லேசான மஞ்சள். வேலை வாங்கும். டியூப் பிடியைக் கண்முன் வைத்துக்கொண்டு அரத்தாலும் உப்புத்தாளாலும் தேய்த்துத் தேய்த்து இரண்டாவது கட்டையில் வந்தது. முதலாவதை அவசரத்தில் அதிகமாகத் தேய்த்துக் கெடுத்தேன். நெடுக்கே இரண்டாக அறுத்த கட்டையை இரண்டு பக்கமும் வைத்து, அரால்டைட் தடவி, பித்தளை ஆணி இரண்டு அடித்து, ஆளிவிதை எண்ணெய் மூன்று தடவை ஊட்டினேன். பார்க்க அழகாயிருக்கிறது என்று சொல்லமாட்டேன். ஒரு மணி நேரம் சீவினேன். கையில் சிவப்பு இல்லை. ஆனால் கட்டையின் தலையில் அதை வைத்து முதுகில் தட்ட அன்றைக்கு மனம் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. உறையைத் தெருமுனையில் செருப்புத் தைக்கிறவரிடம் தைத்துக்கொண்டு, உள்ளே வைக்காமல் தனியாக வைத்திருந்தேன்.

2023 பொங்கலுக்குப் போனோம். இந்தத் தடவை நாங்கள் இருவர் மட்டும். ஸ்வீடன் கத்தியையும் எடுத்துப் போயிருந்தேன். உம்ம கைக்கு ஐந்து விரல் இருக்கிறது, நீரே வைத்துக்கொள்ளும் என்று அவரிடம் கொடுத்தேன். வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். மழை இல்லை, பனிதான். இருந்தாலும் விறகு மேலாக ஈரம். கொட்டகை திறந்திருந்தது, கோடாலி உள்ளே இருந்தது. அவர் அதை எடுத்துவரப் போகவில்லை, நானும் சொல்லவில்லை. கட்டையை நிறுத்தி, அலகை வைத்து, தட்டினேன். நண்பர் முதுகைக் காட்டிக்கொண்டு பள்ளத்தாக்கைப் பார்த்து நின்றார். நாலாவது தட்டில் கட்டை இரண்டாக விழுந்த சத்தம் கேட்டதும் திரும்பினார். உள்ளே காய்ந்துதான் இருந்தது.

தீ பிடித்துக் கடுங்காப்பிக்குத் தண்ணீர் வைத்தோம். இஞ்சி நறுக்க என் கத்தியை எடுத்தார். இரண்டு வெட்டு வெட்டிவிட்டுக் கையை விரித்துப் பார்த்தார்.

"என்னய்யா இது, இங்க உறுத்துது" என்று ஆள்காட்டி விரலின் அடியைக் காட்டினார்.

"எனக்கு உறுத்தலை."

"அது சரி" என்றார்.

மீதி இஞ்சியையும் அதிலேயே நறுக்கி முடித்தார். அலகை வேட்டி ஓரத்தில் துடைத்து, கத்தியைப் பாறைமேல் வைத்தார். கத்தியைக் கையிலிருந்து கைக்குக் கொடுப்பதில்லை நாங்கள். நான் எடுத்துக்கொண்டேன். தண்ணீர் கொதிக்க ஆரம்பித்திருந்தது.